கண் மருத்துவத்துக்குப் போக நினைக்கும் ஹவுஸ்மேனுக்கு: ஆறாவது போஸ்டிங்கைத் தேர்வதும் மற்ற ஐந்தைப் பயன்படுத்துவதும்

ஹவுஸ்மேன் பணியை, அதாவது மருத்துவப் பட்டம் பெற்றதும் மலேசிய மருத்துவமனையில் செய்யும் கட்டாயப் பயிற்சிப் பணியை, தொடங்கப்போகிறவர்களுக்கும், பாதியில் இருப்பவர்களுக்கும், அதற்குள் கண் மருத்துவத்தின் மேல் மனம் வைத்துவிட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கோலாலம்பூர், பினாங்கு மருத்துவமனைகளே என் மனத்தில் இருக்கின்றன. மற்ற மாநிலங்களிலும் நடைமுறை பெரிதாக வேறுபடாது.

நமக்குப் பழகிய முறையில் ஹவுஸ்மேன் காலம் இரண்டு ஆண்டு. நான்கு மாதம் வீதம் ஆறு பிரிவுகளில் ஆறு போஸ்டிங். உள்மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது அறுவை, மகப்பேறு, எலும்பு மருத்துவம் ஆகிய ஐந்தும் கட்டாயம். ஆறாவதில்தான் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அவசர சிகிச்சை, மயக்கவியல், மனநலம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றில் உங்கள் மருத்துவமனை எவற்றைத் தருகிறதோ அவற்றுள் ஒன்று. கண் மருத்துவம் அந்த வரிசையில் இல்லை.

இணையத்தில் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க ஆலோசனைகள். அங்கே கண் மருத்துவப் பயிற்சிக்கு முன் ஓராண்டு இன்டர்ன் பணி. அதற்குள்ளேயே சில மாதங்கள் கண் பிரிவு. நரம்பியல், மூட்டுவாதம், கதிரியக்கம் என்று விருப்பத்துக்கு ஏற்ப மாதங்களை அடுக்கிக்கொள்ளலாம். அந்த அட்டவணையை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பது வீண் வேலை. நமக்கு இருப்பது ஒரே ஓர் இடம்.

அந்த இடத்துக்குக் கண்ணுக்கு மிக நெருக்கமான போஸ்டிங் எது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கண் பிரிவுக்குள் போய்விட்ட பிறகு யாரும் உட்கார வைத்துக் கற்றுத்தராத பாடம் எது என்று கேட்டுப் பாருங்கள். விடை வேறாக வரும். கண்ணைப் பார்க்க உங்களுக்கு இனி முப்பது ஆண்டு இருக்கிறது.

1. முதலில் உங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்

ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப்போகும் படி இது. கண் அறுவை நுண்ணோக்கியின் கீழ் நடப்பது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணராவிட்டால் அந்த வேலை மிகக் கடினம். சிறு வயதில் ஒரு கண் சோம்பேறிக் கண்ணாக இருந்தது, மாறுகண்ணுக்கு அறுவை நடந்தது என்ற வரலாறு உள்ளவர்கள் இதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் ஆப்டோமெட்ரிஸ்டிடம் போய்க் கண்ணாடி எண், இருகண் ஆழப் பார்வை, நிறப் பார்வை ஆகிய மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். நிறப் பார்வைக் குறை இருந்தால் அதோடு கதவு மூடிவிட்டது என்று பொருள் இல்லை. ஆழப் பார்வை அறவே இல்லை என்றால் மட்டும் ஒரு கண் மருத்துவரிடம் மனம் திறந்து பேசிவிட்டுத் திட்டமிடுங்கள்.

2. பையில் இருக்க வேண்டியவை

கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் நேரடி ஆப்தல்மாஸ்கோப் ஒன்று, சொந்தமாக. வார்டில் இருப்பதன் மின்கலம் எப்போதும் தீர்ந்தே இருக்கும். அத்துடன் சட்டைப்பைக்குள் அடங்கும், அருகில் பிடித்துப் படிக்கச் சொல்லும் பார்வை அட்டை, ஊசித்துளை மறைப்பான், நல்ல டார்ச், கருவிழிப் புண்ணைக் காட்டும் ஃபுளோரசின் சாயத் தாள்கள். இருபது டயாப்டர் லென்ஸ், உருப்பெருக்கிக் கண்ணாடி போன்ற விலை உயர்ந்தவற்றை இப்போது வாங்க வேண்டாம். மறைமுக ஆப்தல்மாஸ்கோப்பைத் தலையில் மாட்டப் பழகும் வரை அந்த லென்ஸ் அலமாரியில்தான் தூங்கும்.

ஒரு சிறு குறிப்பேடும் வையுங்கள். பார்த்த ஒவ்வொரு கண் நோயாளிக்கும் மூன்று வரி: என்ன சொல்லி வந்தார், நான் என்ன கண்டேன், கண் பிரிவு என்ன சொன்னது. பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதக் கூடாது. மூன்றாவது வரியை நிரப்பத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். உங்கள் ஊகம் சரியா தவறா என்று தெரிவது அந்த வரியில்தான்.

3. எந்த விருப்பங்கள் உண்மையில் கிடைக்கும் என்று விசாரியுங்கள்

பணியில் சேர்ந்த வாரத்திலேயே ஹவுஸ்மேன் ஒருங்கிணைப்பாளரின் அலுவலகத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆறாவது போஸ்டிங்குக்கு இங்கே எந்தப் பிரிவுகள் திறந்திருக்கின்றன? ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு இடம்? விருப்பத்தை எப்போது, எந்தப் படிவத்தில் தர வேண்டும்?

சீனியர்கள் காப்பிக் கடையில் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். அவர்கள் காலத்து விதி இப்போது மாறியிருக்கலாம். விதிகளுக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டிக் குறிப்பும் சேரும் நாளில் கையில் தரப்படும், செய்த பணிகளைப் பதிந்து கையொப்பம் வாங்கும் லாக்புக்குமே ஆதாரம்.

விருப்பத்தை எழுத்தில் கொடுங்கள். முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம். நடைபாதையில் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது விருப்பத்தை எழுதாமல் விட்டால், இடம் நிரம்பியதும் மிச்சம் இருப்பதில் உங்களைப் போட்டுவிடுவார்கள்.

4. ஆறாவது போஸ்டிங்: எதைத் தேர்வது

கண் கிளினிக்கில் ஒரு காலைப்பொழுதில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று பாருங்கள். ஆஸ்துமா உள்ளவருக்குத் திமோலோல் சொட்டு எழுதிவிட்டால் மூச்சுக்குழாய் இறுகும். கண் அழுத்தத்தை இறக்க அசெட்டசோலமைடு தருகிறோம்; சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. மேனிட்டால் ஏற்றினால் இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். விழித்திரை ரத்தக்குழாய்ப் படத்துக்காகச் சிரை வழியே ஃபுளோரசின் செலுத்தும்போது, அரிதாக என்றாலும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையான அனாஃபிலாக்சிஸ் வரும். மாறுகண் அறுவையில் கண் தசையை இழுத்ததும் குழந்தையின் இதயத் துடிப்பு சரியும்.

இவற்றில் எதுவும் கண் நோய் அல்ல. ஆனால் அந்த நிமிடத்தில் அறையில் இருக்கும் ஒரே மருத்துவர் நீங்களாக இருக்கலாம். கண் பிரிவின் நோயாளிகள் பெரும்பாலும் வயதானவர்கள். நீரிழிவு, ரத்த அழுத்தம், டயாலிசிஸ் என்று ஒன்றின் மேல் ஒன்றாக நோய் சுமப்பவர்கள். கண்புரை அறுவைக்கு அவர்கள் விழித்த நிலையில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். படுத்தால் மூச்சுத் திணறும் ஒருவரை மேசைக்குக் கொண்டுபோவதற்கு முன்பே கண்டுபிடிக்கத் தெரிந்த மருத்துவரைத்தான் கண் பிரிவு விரும்புகிறது.

ஆகவே என் வரிசை இதுதான்: அவசர சிகிச்சை, மயக்கவியல், குடும்ப மருத்துவம், மனநலம்.

அவசர சிகிச்சையை முதலில் வைப்பதற்கு இரண்டு காரணம். சரிந்து விழும் நோயாளியைக் கையாளப் பழகுவீர்கள். கண் நோயாளி முதன்முதலில் வந்து நிற்பதும் அங்கேதான். வேறெந்தப் போஸ்டிங்கிலும் இவ்விரண்டும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

ஆனால் எல்லா மருத்துவமனைக்கும் இது பொருந்தாது. இருபத்துநான்கு மணி நேரமும் கண் மருத்துவர் பணியில் இருக்கும் பெரிய மருத்துவமனையில், கண் வலி என்று வருபவரை முகப்பிலேயே கண் பிரிவுக்கு அனுப்பிவிடக்கூடும். ஹவுஸ்மேன் அவரைத் தொடுவதே இல்லை. நடுத்தர மருத்துவமனையில் நீங்கள்தான் முதலில் பார்த்து, முதல் சிகிச்சை தந்து, தொலைபேசியில் விவரம் சொல்ல வேண்டியிருக்கும். கற்பதற்கு அதுவே மேல். அவசரப் பிரிவில் வேலை செய்யும் ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்கு நுண்ணோக்கி) இருக்கிறதா, அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று விண்ணப்பிக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். தூசி படிந்த உறையோடு மூலையில் நின்றால் விடை கிடைத்துவிட்டது.

முகப்பிலேயே கண் நோயாளிகள் திருப்பி அனுப்பப்படும் இடம் என்றால் மயக்கவியலை முன்னே கொண்டுவரலாம். மூச்சுப்பாதையைக் காப்பது, மயக்க மருந்தின் அளவு, அறுவை அரங்கின் ஒழுங்கு ஆகிய மூன்றும் அங்கே கையோடு வரும். கண் அறுவை அட்டவணை உள்ள நாட்களில் அந்த அரங்கைக் கேட்டு வாங்கினால், கண்ணைச் சுற்றிச் செலுத்தும் மரப்பு ஊசியையும் மயக்க மருத்துவரின் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

குடும்ப மருத்துவம் அமைதியானது. படிக்க நேரம் தரும். அரசு சுகாதார நிலையத்தில் விழித்திரைப் படக் கருவி இருந்தால் நீரிழிவு விழித்திரைப் படங்களைத் தொடர்ந்து பார்த்துப் பழகலாம். படிக்க நேரம் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக இதைத் தேர்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தைப் பெரும்பாலும் தூக்கமே எடுத்துக்கொள்கிறது. மனநலத்தில் நோயாளியிடம் பேசக் கற்பீர்கள், அது நல்லதுதான். ஆனால் இருப்பது ஒரே இடம் என்னும்போது நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

5. வரிசையைப் பற்றி எவ்வளவு கவலைப்படலாம்

அதிகம் வேண்டாம். முதல் போஸ்டிங்கை அவர்களே தருவார்கள். கேட்கும் வாய்ப்பு வந்தால் உள்மருத்துவத்தை முன்னேயும் அவசர சிகிச்சையைக் கடைசியிலும் கேளுங்கள். பல மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்குச் சில போஸ்டிங்குகளை முடித்தவர்களைத்தான் அனுப்புகிறார்கள். எல்லாப் பிரிவுக்கும் உரிய நோயாளிகள் அங்கே வருவதால் அது நியாயமும்கூட.

முன்னால் ஒரு போஸ்டிங் நீட்டிக்கப்பட்டால் பின்னுள்ள எல்லாமே தள்ளிப்போகும். எனவே கடைசி போஸ்டிங்கின் மாதத்தை நம்பிக் கண் மருத்துவ முதல் கட்டத் தேர்வுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். விடுப்பும் நோய் விடுப்பும் அளவு மீறினாலும் நீட்டிப்பு வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

முதல் போஸ்டிங்கில் மூத்தவரோடு ஒட்டி நின்று வேலை பழகும் டேகிங் வாரங்களில் கண் மருத்துவம் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ரத்தம் எடுக்கவும் ரவுண்டில் நோயாளியின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லவும் தடுமாறும் ஒருவர், எனக்குக் கண்தான் பிடிக்கும் என்று சொன்னால், இந்த வார்டு பிடிக்கவில்லை என்றுதான் மேலே இருப்பவர் காதில் விழும்.

6. கட்டாயமான ஐந்திலிருந்து கண்ணை எடுத்துக்கொள்வது

இருபது மாதம் இங்கேதான் கழியப்போகிறது. விருப்பப் போஸ்டிங்கைவிட இதுதான் பெரிய வாய்ப்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் நான் சொல்லும் சிலவற்றை மட்டும் தேடுங்கள். எல்லாவற்றையும் தேடினால் வார்டு வேலை கெடும்.

உள்மருத்துவம்தான் மிகச் செழிப்பானது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. உங்கள் வார்டின் தமிழ் நோயாளிகள் பலர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இரண்டாம் வகை நீரிழிவு என்றால் நோய் கண்டறியப்பட்ட உடனேயே விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். "கடைசியாக எப்போது சொட்டு விட்டுக் கண்ணைப் பார்த்தார்கள், ஐயா?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். முற்றிய நிலை வரை பார்வை நன்றாகவே இருக்கலாம் என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி.

காசநோய்க்கு எதாம்பியூட்டால் தொடங்கும் ஒருவருக்கு, முதல் மாத்திரைக்கு முன் பார்வை அளவையும் நிறப் பார்வையையும் குறித்துவையுங்கள். தொடக்க அளவு இல்லாவிட்டால் பின்னால் பார்வை குறையும்போது ஒப்பிட எதுவும் இராது. லூபஸ் நோயாளியின் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று கணக்குப் போடுங்கள்; அளவு மீறினால் விழித்திரை கெடலாம். டெங்கியில் ரத்தத் தட்டுகள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்களை ஒட்டிப் பார்வை மங்குவதாகச் சொன்னால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். விழித்திரையின் மையம் வீங்கியிருக்கலாம். நீரிழிவோடு கல்லீரலில் கிளெப்சியெல்லா சீழ்க்கட்டி உள்ளவர் கண் சிவந்து மங்குகிறது என்றால் அன்றைக்கே கண் பிரிவை அழையுங்கள். கிருமி ரத்தத்தின் வழியே கண்ணுக்குள் போயிருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கண் போய்விடும்.

குழந்தைப் பிரிவில் இரண்டு போதும். பிறந்த குழந்தையின் சிவப்பு ஒளிப் பிரதிபலிப்பை நீங்களே பாருங்கள். வெண்மை தெரிந்தால் பிறவிக் கண்புரையோ விழித்திரைப் புற்றோ இருக்கலாம். அடுத்தது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரைப் பரிசோதனை. எடை 1500 கிராமுக்குக் குறைவு, அல்லது 32 வாரத்துக்கு முன் பிறப்பு என்றால் பிறந்த 4 முதல் 6 வாரத்துக்குள் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பை நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத வேலை. கண் மருத்துவர் வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்க உங்களுக்கு அதுவே காரணமாகிவிடும்.

பொது அறுவையில் கைப்பழக்கம். முகக் காயத்துக்கு 6-0 நூலில் தையல் போடும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். கண் அறுவையில் பயன்படுவது 10-0, தலைமயிரைவிட மெல்லியது. முன்கையை ஊன்றிக்கொள்வது, ஊசியைச் சரியான இடத்தில் பிடிப்பது, இடது கையையும் பழக்குவது எல்லாம் இங்கேயே தொடங்கலாம். புரோஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் எடுக்கும் முதியவரிடம் கண்புரை அறுவை வரவிருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மருந்தால் அறுவையின்போது கருவிழிப்படலம் தொய்ந்து அலையும். கண் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

எலும்பு வார்டு நிறைய நீரிழிவுப் பாதங்கள். பாதம் அந்த நிலைக்கு வந்தவரின் விழித்திரையும் கெட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மகப்பேற்றில், கர்ப்பத்துக்கு முன்பே நீரிழிவு இருந்த தாய்க்கு விழித்திரை நோய் விரைந்து முற்றலாம். கர்ப்பகாலத்தில் மட்டும் வரும் நீரிழிவுக்கு அந்தப் பரிசோதனை தேவையில்லை. இரண்டையும் குழப்பி எழுதிய பரிந்துரைகள் கண் கிளினிக்குக்கு ஓயாமல் வருகின்றன. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு உள்ள பெண் கண் மங்குகிறது என்றால் அது எச்சரிக்கை மணி.

7. வார்டிலிருந்து கண் பிரிவை அழைக்கும் முன்

தொலைபேசியில் பேசும் விதத்தை வைத்தே கண் பிரிவு உங்களை எடைபோடும். அழைப்பதற்கு முன் மூன்றைச் செய்துவிடுங்கள்.

முதலில் பார்வை அளவு: ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக, அவருடைய கண்ணாடியோடு, குறைந்தால் ஊசித்துளையோடு. "மங்கலாகத் தெரிகிறதாம்" என்று சொன்னால் மறுமுனையில் பெருமூச்சுதான் கேட்கும். பிறகு கண்மணியின் அளவும் ஒளிக்கு அது சுருங்கும் விதமும், டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தது. கடைசியாகக் கண் அசைவு.

"கண்முன்னால் பூச்சி பறக்கிறது தம்பி" என்று ஒரு பாட்டி சொன்னால், எப்போதிலிருந்து, மின்னல்போல் வெட்டுகிறதா, ஓர் ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழையுங்கள். புதிதாக வந்தது, மின்னலும் திரையும் உண்டு என்றால் விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம்.

அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, கண்மணியைச் சோதிக்கும் முன்பே விரிக்கும் சொட்டை விட்டுவிடுவது. விரித்த பிறகு பார்வை நரம்பைப் பற்றிய தகவல் அழிந்துபோகும். தலைக்காயத்துக்காகக் கண்காணிப்பில் இருப்பவருக்கு விரிக்கவே கூடாது; மூளை அழுத்தம் ஏறுவதைக் காட்டும் அடையாளத்தை நீங்களே மறைத்துவிடுவீர்கள். விரித்தால் எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று நோயாளியின் மருத்துவப் பதிவில் பெரிதாக எழுதுங்கள்.

8. அவசரப் பிரிவில் நான்கு மாதம்

கண் நோயாளிகள் பெரும்பாலும், உயிராபத்து இல்லாதவர்களுக்கான பச்சை மண்டலத்தில் உட்கார்ந்திருப்பார்கள். உயிராபத்தில் வருபவர்களுக்கான சிவப்பு மண்டலத்தின் பரபரப்பை விரும்பும் சக ஹவுஸ்மேன்கள் பச்சையைத் தட்டிக்கழிப்பார்கள். இரண்டிலும் சம அளவு நேரம் கேளுங்கள். நீங்கள் வந்ததே இரண்டுக்கும்தான்.

ரசாயனம் பட்ட கண்ணுக்கு மட்டும் பார்வை அளவை முதலில் எடுக்காதீர்கள். முதலில் தண்ணீர். கட்டுமானத் தொழிலாளியின் கண்ணில் சிமெண்ட், உணவகத்தில் கழுவுகாரம், தொழிற்சாலையில் அமிலம், எதுவானாலும் மரப்புச் சொட்டு விட்டு உடனே கழுவத் தொடங்குங்கள். சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள காரம் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். மேலிமையைப் புரட்டித் துகள்களை எடுங்கள். பிஎச் தாளில் நடுநிலைக்கு வந்த பிறகும், கழுவுவதை நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஒளிந்திருக்கும் துகள் காரத்தை மீண்டும் கசியவிடும்.

கண்கோளம் கிழிந்திருக்குமோ என்று ஐயம் வந்தால் தொடாதீர்கள், அழுத்தாதீர்கள், அழுத்தம் அளக்காதீர்கள். கண்ணைத் தொடாத கடினமான மூடி ஒன்றைப் பொருத்துங்கள். பஞ்சு வைத்துக் கட்டுவது தவறு. டெட்டனஸ் ஊசி, வாந்தித் தடுப்பு, உணவு நிறுத்தம், பிறகு தொலைபேசி. சுத்தியலால் உலோகத்தை அடித்தபோது ஏதோ தெறித்தது என்று சொன்னால், கண் வெளியே சாதாரணமாகத் தெரிந்தாலும் உள்ளே இரும்புத் துணுக்கு இருக்கலாம். எக்ஸ்ரே அல்லது சிடி எடுங்கள், எம்ஆர்ஐ கூடாது.

அடிபட்டுக் கண்கோளம் முன்னே பிதுங்கி, கல்போல் இறுகி, பார்வை குறைந்துகொண்டே போனால் கண்குழிக்குள் ரத்தம் தேங்கி அழுத்துகிறது. ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பார்வை நிலையாகப் போய்விடலாம். படம் எடுக்கக் காத்திராமல் மேலதிகாரியைக் கூப்பிடுங்கள்.

வயதான சீனப் பாட்டி தலைவலி, வாந்தி என்று வருகிறார். வயிற்றுக்கோளாறு என்று ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். கண் சிவந்து, கருவிழி மங்கி, கண்மணி பாதி விரிந்து அசையாமல் நின்றால் அது திடீர்க் கண் அழுத்தம். அந்த ஒரு டார்ச் வெளிச்சத்தில் ஒருவருடைய பார்வையைக் காப்பாற்றலாம்.

இரண்டு தடைகள். மரப்புச் சொட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. வலி தெரியாமல் கருவிழி கரையும். ஸ்லிட் லேம்பில் பார்க்காமல் சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு எழுதக் கூடாது. ஹெர்பிஸ் புண்ணாக இருந்தால் பற்றிக்கொண்டு பரவும்.

பூப்பந்து பட்ட கண்ணை ஆண்டு முழுவதும் பார்ப்பீர்கள். கண்ணின் முன்னறையில் ரத்தம் நிற்கிறதா என்று நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்துப் பாருங்கள். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு வாரங்களில் பட்டாசுக் காயம். பண்டிகை வாரத்தில் பணியில் இருக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் ஒரு பண்டிகைக்காவது இருந்துவிடுங்கள்.

9. விடுப்பில் கண் பிரிவுக்குப் போவது

ஐந்து வேலை நாள் போதும். நான்காவது அல்லது ஐந்தாவது போஸ்டிங்கின்போது போங்கள். அதற்கு முன் போனால் பார்ப்பது புரியாது. அதற்குப் பின் போனால், பிடிக்கவில்லை என்று தெரிந்தாலும் திட்டத்தை மாற்ற நேரம் இராது.

மலாயில் ஒரு பக்கக் கடிதம்: யார் நீங்கள், எந்தத் தேதிகள், பார்வையாளராக மட்டுமே வருகிறீர்கள் என்ற உறுதி. உங்கள் துறைத் தலைவர் வழியாகக் கண் பிரிவுத் தலைவருக்கு அனுப்புங்கள். வேறு மருத்துவமனை என்றால் இரு மருத்துவமனைகளின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். கோலாலம்பூர் வட்டாரத்தில் கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் துவாங்கு முரிஸ் சான்சலர் மருத்துவமனை, பத்துமலைப் பக்கம் செலாயாங் மருத்துவமனை. பினாங்கில் பொது மருத்துவமனை. பண்டிகையை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள், அறுவை அட்டவணை மெலிந்திருக்கும். இரவுப் பணி முடிந்த காலையில் நேராக வராதீர்கள். இருட்டறையில் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவீர்கள்.

முதல் நாளை ஆப்டோமெட்ரிஸ்டுகளோடும் தாதியரோடும் கழியுங்கள். பார்வை அளப்பதும் அழுத்தம் அளப்பதும் அவர்களிடம்தான் சரியாகக் கற்க முடியும். ஸ்லிட் லேம்பில் உட்கார்ந்ததும் கருவியின் பார்வைக்குழல்களின் இடைவெளியையும் எண்ணையும் உங்கள் கண்ணுக்கு ஏற்பத் திருப்புங்கள். புதியவர்கள் இதை விட்டுவிட்டுக் கருவி சரியில்லை என்கிறார்கள். ஒளியைக் குறைத்துத் தொடங்குங்கள், மேலிமையைத் தூக்கிப் பாருங்கள்.

அறுவை அரங்கு ஒரு நாள் போதும். கிளினிக்குக்கு மூன்று நாள். கண் மருத்துவரின் வாழ்க்கை பெரும்பாலும் அந்த நெரிசலான இருட்டறையில்தான், ஒரே மாதிரியான நீரிழிவு விழித்திரைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பதில்தான். மூன்றாம் நாள் மாலையிலும் அடுத்த நோயாளியின் கண்ணைப் பார்க்க ஆவல் இருக்கிறதா என்று கவனியுங்கள். நோயாளியின் கண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒரு வாரத்தில் சேர்த்த நற்பெயர் ஒரு படத்தில் போய்விடும்.

10. தேர்வும் சிறு தணிக்கையும்

உள்நாட்டு முதுநிலைப் படிப்பு நான்கு ஆண்டு. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை நடத்துகின்றன. பினாங்கில் இருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் பினாங்கில் இருந்தாலும், மருத்துவ வளாகம் கிளந்தானின் குபாங் கெரியானில் இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரலாம் என்ற கணக்கு தப்பு.

அடிப்படை அறிவியலும் ஒளியியலும்தான் எந்த முதல் கட்டத் தேர்வுக்கும் அடித்தளம். முதல் இரண்டு போஸ்டிங்கில் தொடாதீர்கள். மூன்றாவதிலிருந்து வாரத்துக்கு ஓரிரு மணி, ஒளியியலில் தொடங்குங்கள். உடற்கூறு மறந்தாலும் திரும்ப வரும். ஒளியியல் பலருக்கு முதல் தடவையாகவே படிக்க வேண்டியிருக்கும்.

தணிக்கைக்கு, அதாவது வார்டில் செய்ய வேண்டியது நடக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் சிறு ஆய்வுக்கு, எளிய கேள்வி ஒன்று போதும்: இந்த வார்டின் நீரிழிவு நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கடந்த ஓராண்டில் விழித்திரைப் பரிசோதனை நடந்திருக்கிறது? உள்மருத்துவ நிபுணர் ஒருவரையும் கண் மருத்துவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாக வெளியிட எண்ணம் இருந்தால் தரவைத் தொடுவதற்கு முன்பே தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியுங்கள்.

11. போஸ்டிங் முடியும் வாரத்தில்

ஹவுஸ்மேன் காலம் முடிந்ததும் கண் பிரிவிலேயே மருத்துவ அதிகாரியாகப் போடுவார்கள் என்ற உறுதி இல்லை. மாவட்ட மருத்துவமனை, சுகாதார நிலையம், சபா, சரவாக் எங்கும் அனுப்பலாம். அங்கிருந்து மறுபடி விண்ணப்பிக்கும்போது உங்களுக்காகப் பேசப்போவது காகிதங்கள்தான்.

அதனால் ஒவ்வொரு போஸ்டிங்கின் கடைசி வாரத்திலும், கையொப்பமிட்ட லாக்புக் பக்கங்களை நகலெடுங்கள். உங்களை நன்றாக அறிந்த நிபுணர் ஒருவரிடம் பரிந்துரைக் கடிதத்தை அப்போதே கேளுங்கள். அவருடைய நிரந்தர மின்னஞ்சலையும் வாங்கிக்கொள்ளுங்கள். நிபுணர்கள் இடம் மாறிப்போவார்கள், சிலர் தனியார் மருத்துவமனைக்குப் போய்விடுவார்கள். ஓராண்டு கழித்துத் தேடினால், அந்த அலுவலகத்தில் உங்கள் முகம் தெரிந்த ஒருவரும் இருக்க மாட்டார்.